கெமர் நடனத்தில் புதியது செய்ய இரண்டு வழிகள்: நான் ஏன் இந்தப் பக்கம் நின்றேன்

கெமர் நடனம் என்று அழைக்கப்படும் கம்போடிய செவ்வியல் நடனத்தைக் கொஞ்சம் ஆழமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று புனோம் பென் போனபோது, எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய இலக்கணத்துக்குள்ளேயே நின்று புதிய கதையையும் புதிய அசைவையும் கொண்டுவரும் நடன அமைப்பாளர் சோஃபிலின் சீம் ஷாப்பிரோவின் வழி. இன்னொன்று, அதே செவ்வியல் நடனத்தைப் பயின்றுவிட்டு, முகமூடியையும் கிரீடத்தையும் கழற்றி வைத்துவிட்டு, சொந்தக் கதையை ஆடும் சமகால நடனம். இது பெரும்பாலும் அம்ரிதா நிகழ்கலை அமைப்பைச் சுற்றி வளர்ந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கற்க நேரமும் போதாது, உடம்பும் ஒத்துழைக்காது. நான் பரதம் பயின்றவள். கடைசியில் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டு பக்கத்துக் கலைஞர்களில் பெரும்பாலானவர்கள் புனோம் பென்னின் நுண்கலைப் பள்ளியில் சிறு வயதிலேயே சேர்ந்தவர்கள். நியாங் என்கிற பெண் பாத்திரம், நியேய்ரோங் என்கிற ஆண் பாத்திரம், யெயக் என்கிற அரக்கன், ஸ்வா என்கிற குரங்கு ஆகிய நான்கில் ஒன்றுக்கு, உயரமும் முகவெட்டும் உடல்வாகும் பார்த்து ஆசிரியர்கள் ஒதுக்குவார்கள். முதல் மூன்றையும் பெண்களே ஆடுவது வழக்கம், குரங்கை மட்டும் ஆண்கள் ஆடுவார்கள். ஒரு தடவை யெயக் என்று ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க யெயக்தான்.

சியெம் ரீப் உணவகங்களில் இரவுச் சாப்பாட்டோடு நடக்கும் அப்சரா நிகழ்ச்சியை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பல கலைஞர்களுக்கு அது சோறு போடுகிறது, அந்த மரியாதை அதற்கு உண்டு. புதிய ஆக்கம் அங்கே நடப்பதில்லை.

அம்ரிதாவை 2003-இல் தொடங்கியவர் ஃப்ரெட் ஃப்ரம்பெர்க் என்ற அமெரிக்கர். தொடக்கத்தில் அழிந்துகொண்டிருந்த பழைய வடிவங்களை மேடையேற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. அப்புறம் வெளிநாட்டு நடன அமைப்பாளர்களை வரவழைத்துப் பட்டறைகள் நடத்தினார்கள். தாய்லாந்தின் கோன் முகமூடி நடனத்தில் ஊறிய பிச்செட் குளுன்சுன் அப்படி வந்து வேலை செய்தவர்களில் ஒருவர். கம்போடிய வேர்கள் கொண்ட இம்மானுவேல் புவோன் ‘கெமரோபெடி’ என்ற வரிசையையே உருவாக்கினார். அதன் மூன்றாம் பகுதி குரங்குப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. முகமூடியும் ஜரிகையும் இல்லாமல், பயிற்சி உடையில், ஸ்வா பயின்ற ஆண்கள் நிஜக் குரங்கின் அசைவுக்கும் மரபுக் குரங்கின் அசைவுக்கும் நடுவே போய்வருகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து தோளைச் சொறிகிறார். அந்தச் சொறிதல் அப்படியே மெல்ல இறுகி, முழங்கால் விரிந்து, பாதம் மடங்கி, மரபு நிலையாக மாறுகிறது. எந்த நொடியில் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. அரசவை மேடையில் எப்போதும் ஓரத்துத் துணைப் பாத்திரமாகவே இருந்த குரங்குக்கு, இங்கே மேடை முழுவதும் கிடைக்கிறது.

செய் சங்கேத்யாவின் ‘என் தாயும் நானும்’ இன்னும் துணிச்சலானது. தன் தாய், தன்னை அடித்து வளைத்த நடனப் பயிற்சி, அதற்குள் இருக்கும் அன்பு, அச்சம் எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே அவர் பேச வைக்கிறார். ஆசிரியரை எதிர்த்துப் பேசாத ஒரு மரபில் பயின்ற பெண் மேடையில் நின்று இதைச் சொல்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது, குரு முன்னால் கை கட்டி நின்று பழகிய எனக்கு நன்றாகவே தெரியும். நியேய்ரோங் பயின்ற சும்வான் சொடாச்சிவி இன்னொருவர். அந்த ஆண் பாத்திரத்தின் அகன்ற நிலைகளை வைத்துக்கொண்டே முற்றிலும் வேறு மாதிரி ஆடுகிறார்.

நடைமுறையிலும் இந்த வழிக்கு வசதிகள் அதிகம். ஒருவரோ நால்வரோ போதும். பின்பியாட் இசைக்குழுவைக் கூடவே அழைத்துப் போக வேண்டியதில்லை. உடையை ஒரு பையில் மடித்து வைத்துவிடலாம். செவ்வியல் நிகழ்ச்சி அப்படியில்லை. ரோனியாட் மரச்சட்டக் கருவி, வளையத்தில் அடுக்கிய காங் மணிகள், ஸ்ராலாய் குழல், சம்போ மத்தளம், பாட்டுப் பாடும் பெண்கள் என்று பெரிய பட்டாளமே வேண்டும். உடை இன்னும் பெரிய வேலை. சரிகை வேலைப்பாடு செய்த மேலுடையை ஆடுபவர் உடம்பின் மீதே ஊசி நூல் வைத்துத் தைக்கிறார்கள். தைத்து முடிக்கும்வரை அவர் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் நூலை வெட்டித்தான் வெளியே வர முடியும்.

இவ்வளவு சுமை இருந்தும் நான் சோஃபிலின் பக்கம் சாய்ந்தேன்.

அவர் 1967-இல் பிறந்தவர். கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம் கம்போடியாவை ஆண்ட 1975 முதல் 1979 வரையான காலத்தில் தந்தையையும் சகோதரர்களையும் இழந்தவர். ஆட்சி விழுந்தபின் மீண்டும் திறந்த பள்ளியில் பயின்று வெளிவந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். 1991-இல் கலிபோர்னியா போனார். லாங் பீச்சில் ஒரு நடனப் பள்ளியையும், பிறகு புனோம் பென்னை ஒட்டிய தாக்மாவ் நகரில் ஒரு குழுவையும் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். 2000-இல் அவர் செய்த ‘சம்ரிதேச்சக்’ ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைக் கெமர் செவ்வியல் நடனமாக மாற்றியது. அவரை ஈர்த்தது ஒதெல்லோவின் பொறாமையைவிட அவனுடைய முடிவு. மனைவியைக் கொன்றது கொடுமை என்று உணர்ந்ததும் அதற்கு அவனே பொறுப்பேற்கிறான். அவருடைய நாட்டில் கொன்றவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படிப் பொறுப்பேற்கவில்லை. நீதிமன்றம் இன்னும் அமையாத அந்த நாட்களில், அரசவை நடனத்தின் மொழியிலேயே இந்தக் கேள்வியை அவர் கேட்டார்.

2006-இல் மோசார்ட்டின் 250-ஆம் பிறந்த ஆண்டுக்காக வியன்னாவில் நடந்த விழாவுக்கு ‘பமினா தேவி’ செய்தார். மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகக் கதையில் தாய்க்கும் எதிர்த்தரப்புக்கும் நடுவே சிக்கும் மகளை, பல சித்தாந்தங்கள் மாறி மாறிப் பிய்த்தெறிந்த தலைமுறையின் மகளாக்கினார். ‘அரக்கர்களின் வாழ்க்கை’ என்ற படைப்பில் வரும் யெயக், நம் பஸ்மாசுரனுக்கு நெருங்கிய உறவுக்காரன். தேவலோகத்தில் எல்லாராலும் சீண்டப்படுகிறான், ஈசனிடம் அழிக்கும் விரலை வரமாக வாங்குகிறான், சீண்டியவர்களையே அழிக்கக் கிளம்புகிறான். அடிபட்டவன் அடிப்பவனாக மாறும் சுழலைக் கம்போடியருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா?

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது ‘புலம்பெயர் பருவங்கள்’ படைப்பில் வரும் நாகப்பெண். நீண்ட துணியாலான வாலோடு வருகிறாள். புதிய நாட்டில் அந்த வால் அவளுக்குப் பாரம். இழுக்கிறாள், சுருட்டுகிறாள், உதறப் பார்க்கிறாள். இதையெல்லாம் செய்யும்போது அவள் விரல்கள் பின்னால் வளைந்துதான் இருக்கின்றன, முழங்கை நேர்கோட்டைத் தாண்டி மடங்கித்தான் இருக்கிறது, முதுகு வில்லாகத்தான் நிற்கிறது. மரபை விட்டு ஓட விரும்பும் பெண்ணை மரபின் அசைவாலேயே காட்ட முடிகிறது. இந்த அலசலில் எனக்கு மிகப் பெரிய விஷயம் இதுதான்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஒரு படைப்பு அடுத்த உடம்புக்குக் கைமாறுமா?

வேறு நாட்டில் இதை இவ்வளவு முக்கியமாகக் கேட்க வேண்டியிருக்காது. கம்போடியாவில் கேட்டே ஆக வேண்டும். கெமர் ரூஜ் காலத்தில் கலைஞர்களில் 90 சதவீதம் பேர் வரை இறந்தார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிஞ்சியவர்கள் வந்து கூடியபோது அவர்களிடம் ஏடும் இல்லை, படமும் போதுமான அளவு இல்லை. சியா சாமி போன்ற மூத்த ஆசிரியர்கள் நினைவிலிருந்து மீட்டார்கள். எப்படி முடிந்தது? க்பாச் எனப்படும் அசைவு அலகுகள் எல்லார் உடம்பிலும் பொதுவாக இருந்தன. ஒருவருக்கு நியாங் பகுதி ஞாபகம், இன்னொருவருக்கு யெயக் பகுதி, மூன்றாமவருக்குப் பாட்டு. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினார். நடனம் ஒரே ஒருவரின் சொத்தாக இருந்திருந்தால் அவரோடு புதைந்திருக்கும்.

அந்தக் க்பாச் உடம்பில் ஏறும் விதத்தை நானும் சிறிது பட்டுணர்ந்தேன். எனக்குப் பாடம் சொன்ன அம்மா, காலையில் முதல் வேலையாக என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் வளைத்துத் தொடைமேல் அழுத்துவார். பிறகு முழங்கையை அவருடைய இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வைத்து எதிர்ப்பக்கம் மடக்குவார். வலிக்கும். அரைமண்டியில் பல வருடம் நின்ற கால்களுக்கும் இது புதிது. பரதத்தில் பாதம் தரையைத் தட்டிப் பேசும், இங்கே பாதம் தரையைத் தொடுவதே தெரியக்கூடாது. அதன் பிறகு அடிப்படைப் பயிற்சி வரிசை, மெதுவானதும் வேகமானதும். இலை, பூ, காய், கிளை என்று விரலிலேயே ஒரு மரம் முளைத்து வளரும் கை நிலைகள். அதே வரிசையைத்தான் பக்கத்தில் பத்து வயதுக் குழந்தையும் செய்துகொண்டிருந்தது. இருவர் உடம்பிலும் ஏறிக்கொண்டிருந்தது ஒரே எழுத்து.

இந்த எழுத்தில் எழுதிய புதிய படைப்பை, அதே எழுத்தைப் படித்த யாருக்கும் கற்பிக்கலாம். நாகப்பெண்ணை நாளைக்கு வேறொரு நியாங் ஆடலாம். நன்றாக ஆடுவாளா என்பது வேறு கேள்வி. ஆட முடியும். ‘என் தாயும் நானும்’ படைப்பை வேறொருத்தி ஆடினால்? அசைவு வரும், ஆனால் அந்தத் தாய் வரமாட்டாள். சங்கேத்யா ஆடுவதை நிறுத்தும் நாளில் அதுவும் நின்றுவிடும். தனிமனிதக் கலையின் நேர்மையே அதுதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தடவை எல்லாமே அழிந்துபோன ஊரில், நான் நேரத்தையும் உடம்பையும் எங்கே செலவிடுவது என்று வரும்போது, மீட்டெடுக்கக்கூடியதன் பக்கம் போனேன்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கைமாறுவது படைப்பாகத்தான் இருக்க வேண்டுமா, படைக்கும் திறனாக இருக்கலாமே? அம்ரிதா பட்டறைகளில் ஆடியவர்கள் இன்று தாங்களே நடனம் அமைக்கிறார்கள். சொல்வதை மட்டும் செய்யப் பழகிய பிள்ளைகளுக்கு ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று யாரோ கேட்டதே பெரிய திருப்பம். இலக்கணத்துக்குள் புதியது செய்யும் பக்கத்திலோ இன்றும் பெரும்பாலும் ஒருவர் பெயரே முன்னால் நிற்கிறது. இந்த ஓர் இடத்தில் சமகாலப் பக்கம் முந்துகிறது என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமகாலப் படைப்புகளில் பலவற்றை நான் காணொளியில்தான் பார்த்திருக்கிறேன். அரங்கில், வியர்வை தெரியும் தூரத்தில் பார்த்தால் என் தராசு கொஞ்சம் நகரலாம்.

‘மரபைத் தொடாதே’ என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விழும் திட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உலகமே அங்கோர் காலத்துப் பழமை என்று நம்பும் அப்சரா நடனத்தை இப்போதுள்ள வடிவில் அமைத்தவர் ராணி கொசமாக், அதுவும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதில் முதன்மையாக ஆடியவர் அவருடைய பேத்தி இளவரசி புப்பா தேவி. குரங்குப் பாத்திரத்துக்கு ஆண்களைக் கொண்டுவந்ததும் அந்த ராணி காலத்து மாற்றம்தான். யுனெஸ்கோ 2003-இல் அறிவித்த, 2008-இல் பட்டியலில் சேர்த்த ‘பாரம்பரியம்’ இந்த மாற்றங்களையும் உள்ளடக்கியதே.

நடுவில் இன்னொரு பாதையும் உண்டு. லாங் பீச்சில் பிறந்து சோஃபிலினிடம் பயின்ற பிரும்சோடுன் ஓக், 2015-இல் புனோம் பென்னில் தொடங்கிய நாட்யரசா. கம்போடியாவின் முதல் தன்பாலீர்ப்பு ஆண்கள் நடனக் குழு அது. அசைவு முழுக்கச் செவ்வியல், ஆடும் உடம்பும் சொல்லும் காதலும் புதியவை. நான் வைக்கும் கைமாறும் சோதனையில் இதுவும் தேறுகிறது. பெண்கள் ஆடிவந்த நியாங் நிலைகளை ஆண்கள் முழு மரியாதையோடு ஆடும்போது அந்த எழுத்து எவ்வளவு தாங்கும் என்பதும் தெரிகிறது.

நீங்கள் ஏற்கெனவே சொந்தமாக நடனம் அமைப்பவர் என்றால், இரண்டாவது வழியில் உங்களுக்குக் கிடைக்கும் உரையாடல் அதிகம், அங்கேயே போங்கள். ஆடக் கற்றவர், இன்னும் அமைக்கத் தொடங்காதவர் என்றால் முதல் வழி. எதைத் தேர்ந்தாலும், தொடக்கத்தில் சில வாரமாவது அடிப்படைப் பயிற்சி வரிசைக்கு மட்டும் ஒதுக்குங்கள். குருவை வணங்கும் சம்பியா க்ரு சடங்கு எப்போது வைப்பார்கள் என்றும் ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். வியாழக்கிழமைதான் அதற்கு உரிய நாள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.