சோர்சரர் ஹோம்ப்ரூ: பஞ்சம் ஸ்பெல்லுக்குத்தான்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 2014 விதிப்படி 5-ஆம் லெவல் சோர்சரருக்கு (பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவர்) தெரிந்த ஸ்பெல்கள், அதாவது மந்திரங்கள், 6. அதே லெவல் விசார்டின் (படித்து மந்திரம் கற்றவர்) புத்தகத்தில் குறைந்தது 14 இருக்கும். ஸ்லாட் (ஸ்பெல் வீசச் செலவழிக்கும் வாய்ப்பு) எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான். சோர்சரரைச் சரிசெய்வதாக வரும் ஹோம்ப்ரூ (ஆடுபவர்களே எழுதும் விதி) எதுவானாலும், இந்த இடைவெளியைத் தொடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதிகம் புழங்குவது, ஸ்பெல் பாயிண்டையும் (ஸ்லாட்டுக்குப் பதிலான புள்ளி) சோர்சரி பாயிண்டையும் (சோர்சரருக்கே உரிய புள்ளி) ஒரே கணக்கில் சேர்ப்பது. 5-ஆம் லெவலில் 27-உம் 5-உம் சேர்ந்து 32. மூன்றாம் நிலைத் தாக்குதல் ஸ்பெல்லான ஃபயர்பாலுக்கு 5 என்றால் ஆறு தடவை வீசலாம். வழக்கமான விதியிலும் சிறிய ஸ்லாட்டையெல்லாம் சோர்சரி பாயிண்டாகக் கரைத்து மூன்றாம் நிலை ஸ்லாட் ஆக்கினால் ஐந்து கிடைக்குமே, ஒன்றுதானே கூடுதல் என்பார்கள். ஆனால் அங்கே ஸ்லாட்டை உடைக்க ஒரு போனஸ் ஆக்‌ஷன் (ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயல்), புதிதாக உருவாக்க இன்னொன்று. மூன்றாவது ஃபயர்பாலுக்கு 1, நான்காவதுக்கு 4, ஐந்தாவதுக்கு 5 என மொத்தம் 10 போனஸ் ஆக்‌ஷன் போகும். அதற்குள் சண்டையே முடிந்துவிடும். ஹோம்ப்ரூ இந்தத் தடையைத் தூக்கிவிடுகிறது. லாங் ரெஸ்டுக்கு (எல்லாம் மீளும் நீண்ட ஓய்வு) ஒரே சண்டை வைக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இதை அனுமதித்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். விடமுடியாது என்றால், மூன்றாம் நிலை ஸ்பெல்லுக்கு லாங் ரெஸ்டுக்கு மூன்று தடவை என்று வரம்பு கட்டுங்கள்.

சோர்சரரின் மந்திர வலுவுக்குக் கரிஸ்மாவுக்கு (ஆளுமை) பதில் கான்ஸ்டிட்யூஷனை (உடல் உறுதி) வைப்பது வேண்டவே வேண்டாம். ஸ்பெல்லின் வலு, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), கான்சன்ட்ரேஷன் (அடிபட்டாலும் ஸ்பெல்லைத் தக்கவைப்பது) மூன்றும் ஒரே எண்ணில் குவிந்துவிடும். கான்ஸ்டிட்யூஷன் 14-லிருந்து 18 ஆனால் 5-ஆம் லெவலில் ஹிட் பாயிண்ட் 32-லிருந்து 42. டிசி (எட்ட வேண்டிய எண்) 10-இல் கான்சன்ட்ரேஷன் முறியும் வாய்ப்பு 20 சதவீதத்திலிருந்து 10. ஸ்பெல் பட்டியலோ அப்படியே கிடக்கும்.

ஆரிஜினுக்கு (சோர்சரரின் மந்திரம் எங்கிருந்து வந்தது என்ற உட்பிரிவு) ஏற்ற கூடுதல் ஸ்பெல் தருவதுதான் உருப்படியானது. 1, 3, 5, 7, 9 லெவல்களில் இரண்டிரண்டாக மொத்தம் 10. 2020-இல் வந்த அபெரன்ட் மைண்ட், கிளாக்வொர்க் சோல் என்ற ஆரிஜின்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். டிராகன் ஆரிஜினுக்குப் பட்டியல் போடும்போது பலர் ஃபயர்பால், ஷீல்டு, கவுன்டர்ஸ்பெல் என்று நிரப்பிவிடுகிறார்கள். அவற்றை வீரர் எப்படியும் எடுப்பார். இலவசமாகத் தந்தால் மிச்சமாகும் இடத்தில் இன்னும் மூன்று சண்டை ஸ்பெல் ஏறும். யாரும் தன் இடத்தைச் செலவழித்து எடுக்காத வகையைப் போடுங்கள்: பேச்சு, உளவு, பயணம். அடிக்கும் ஸ்பெல் ஒன்றிரண்டு போதும். 2024 விதிகளில் ஆடினால் 5-ஆம் லெவலிலேயே 9 ஸ்பெல் இருக்கிறது, டிராகன் ஆரிஜினுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. அங்கே இதுவும் தேவையில்லை.