ஆல்பம் விற்க பேண்ட்கேம்ப்: பயன்படுத்திப் பார்த்தவரின் கருத்து

புது ஆல்பத்தை வழக்கமான ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பியபோது கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பிலும் சேர்த்தே வெளியிட்டேன். அடுத்து வரவிருக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கு ரசிகர்களைச் சேர்ப்பதில் உண்மையாகக் கைகொடுத்தது இதுதான். சொந்தமாகப் பாட்டெழுதி, இசைத்து, லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) இல்லாமல் வெளியிடுகிறவர்கள் முதலில் இங்கே ஒரு கணக்கு தொடங்குங்கள் என்பேன்.

முதலில் பண விஷயம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், சிடி, டி-ஷர்ட் போன்ற பொருட்களில் 10 சதவீதமும் அவர்கள் பங்கு. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி நமக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கிடைக்கும். எங்களைப் போன்ற சிறிய கலைஞர்களின் ஆல்பத்தில் பல பாட்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. பேண்ட்கேம்ப்பில் ஒரே ஒருவர் வாங்கினாலும் அது வருமானம்தான். 2020-இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் தங்கள் பங்கையும் விட்டுத் தருகிறார்கள். குறைந்தபட்ச விலையை மட்டும் நாம் வைத்துவிட்டு, அதற்கு மேல் வாங்குபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். கூடுதலாகக் கொடுப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. வாங்கியவர்கள் ஆல்பம் பக்கத்திலேயே நாலு வரி எழுதி, பிடித்த பாட்டு எது என்றும் குறிக்கலாம். கிதாரும் குரலும் மட்டும் உள்ள ஒரு பாட்டை ஆல்பத்தின் கடைசியில் வைத்திருந்தேன். அடுத்தடுத்து எழுதியவர்கள் அதையே குறித்தார்கள். ஒருவர், “இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நீங்கள் மூச்சு இழுப்பது கேட்கிறது, அதை அழிக்காமல் விட்டதற்கு நன்றி” என்று எழுதியிருந்தார். மிக்சிங்கின்போது, அதாவது பதிவான குரலையும் இசையையும் சேர்த்துச் சரிசெய்யும்போது, அந்த மூச்சை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் பேசியிருக்கிறோம்! இப்போது நிகழ்ச்சியை அந்தப் பாட்டில்தான் தொடங்கப்போகிறேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை எந்தத் தளமும் தரும். எதைக் கேட்டு நின்றார்கள் என்று இப்படி யார் சொல்வார்கள்?

நம்மைப் பின்தொடர்பவர்களுக்குப் புது வெளியீடு வந்ததும் மின்னஞ்சல் போய்விடுகிறது. பாட்டுகளை இலவசமாக இறக்கிக்கொள்ள உதவும் டவுன்லோடு குறியீடுகளும் தருகிறார்கள். அவற்றைச் சின்ன அட்டைகளில் அச்சடித்து, நிகழ்ச்சி முடிந்து பேச வருபவர்களிடம் கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. நம் பெயரே தெரியாதவர் தானாக இங்கே வந்து நம்மைக் கண்டுபிடிப்பார் என்று நம்பிவிடக் கூடாது. ஆட்களை நாம்தான் அழைத்துவர வேண்டும். மேடை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கத் தனித் தளம்தான் சரி. அப்புறம், 2022-இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் பேண்ட்கேம்ப்பை வாங்கியது. அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்ட்ரேடருக்குக் கைமாறியது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அந்தச் செய்தி இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால் என் மாஸ்டர் கோப்புகளையும் (பாட்டுகளின் இறுதி மூலப் பதிவுகள்) ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் தனியாகச் சேமித்து வைக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பாட்டுகளை ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பு வடிவில் தயாராக வைத்திருங்கள், எம்பி3 கோப்பை ஏற்ற முடியாது. வெளியீட்டுத் தேதிக்கு முன்பே ப்ரீ-ஆர்டர் (முன்கூட்டியே வாங்கும் வசதி) திறந்து, ஒரு பாட்டை மட்டும் உடனே கேட்கக் கொடுத்துவிடுங்கள்.