ஏடிஎச்டி புரிய ஒரு தனியாள் ஆட்டம்: தாயக்கட்டையா, சீட்டா, புளியங்கொட்டையா?

"தெரிஞ்ச வேலைதானே, செய்யிறதுக்கு என்ன?" ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீத துடிப்புக் குறைபாடு) உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் காலையில் பத்துத் தடவை கேட்கும் கேள்வி இது. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை விளக்கவுரை கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். தனியாள் பாத்திர ஆட்டத்தில் (ஒரு பாத்திரமாகி, நடப்பதை எழுதிக்கொண்டே ஒருவரே ஆடுவது) அந்தப் பள்ளத்தை விதியாகவே வைத்துவிடலாம். கொப்பி, பேனை, அரை மணி நேரம் போதும், எதிராளி தேவையில்லை. எந்தக் கருவியால் ஆடுவது என்பதில்தான் வித்தியாசம்.

எல்லாவற்றுக்கும் ஒரே பாத்திரத்தை வைப்போம்: கொழும்பு வெள்ளவத்தையில் தரம் 8 மாணவி. எழும்புவது 5.45, பஸ் 7.00, பாடசாலை 7.30. நடுவில் ஏழு வேலை: பல் தீட்டல், குளியல், சீருடை, சாப்பாடு, சப்பாத்து தேடல், கணிதக் கொப்பியைப் பையில் வைத்தல், அம்மாவின் கையொப்பம்.

தாயக்கட்டை. லூடோப் பெட்டியில் உள்ளதே போதும். சலிப்பான வேலை என்றால் 5 அல்லது 6 விழ வேண்டும். விருப்பமான வேலைக்கு 2 அல்லது அதற்கு மேல் எதுவும் சரி. தலைக்கு மேல் வந்துவிட்ட அவசரத்துக்கு 3 அல்லது அதற்கு மேல். ஒரு உருட்டலுக்கு 5 நிமிடம் கழியும். சலிப்பான வேலைக்குச் சராசரியாக 3 உருட்டல், அதாவது 15 நிமிடம். ஏழு வேலைக்கு 105 நிமிடம். முடியும்போது மணி சரியாக 7.30. எல்லாவற்றுக்கும் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும் என்றிருக்கும் அண்ணன் அதே வேலைகளை 42 நிமிடத்தில் முடித்துவிடுவான். இருவருக்கும் வேலை ஒன்றுதான், ஆசையும் ஒன்றுதான். இதைக் கையால் உருட்டிப் பார்க்கும் தகப்பனுக்கு அதற்குமேல் விளக்கம் சொல்லத் தேவையிராது.

விருப்ப விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிள்ளை எதற்கும் ஆகாதவள் போல் தெரிவாள். "படம் கீற மட்டும் மூன்று மணித்தியாலம் இருக்கிறாளே" என்ற வழக்கமான குற்றச்சாட்டுக்குப் பதிலும் அந்த விதியில்தான் இருக்கிறது. இந்தக் கருவியின் குறை, எல்லாம் அதிர்ஷ்டம் போலத் தோன்றுவது. சிலர் நாலாவது உருட்டலிலேயே பார்வையாளராகிவிடுவார்கள்.

சீட்டுக்கட்டு. நினைவு நழுவுவதைக் காட்ட இதை மிஞ்ச ஒன்றில்லை. (304 என்ற சீட்டாட்டம் ஆடும் கட்டென்றால் 32 சீட்டுத்தான் இருக்கும், ஒதுக்கி வைத்த 20ஐயும் தேடிச் சேருங்கள்.) மேசையில் மூன்று காகிதத் துண்டு மட்டும் முகம் தெரிய இருக்கலாம். சிவப்புச் சீட்டு வந்தால் ஒரு துண்டின் வேலை முடியும். கறுப்பு வந்தால் புதிதாக ஒன்று குறுக்கிடும், அதை நாலாவது துண்டில் எழுத வேண்டும். ஆகப் பழைய துண்டு கவிழும். இராசா, இராணி, ஜாக் வந்தால் நிறம் பார்க்காமல், கவிழ்ந்த ஒன்றை நிமிர்த்தலாம்.

துண்டுகளில் கணிதக் கொப்பி, சப்பாத்து, கையொப்பம் இருக்கின்றன. கறுப்பு 8 வருகிறது: கீழ் வீட்டில் பூனைக்குட்டி கத்துகிறது. கணிதக் கொப்பி கவிழ்கிறது. இராணி வந்து அது நிமிரும்போது பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்டது. அவள் மறக்க முடிவெடுக்கவில்லை என்பது ஆடுபவரின் விரல் நுனியிலேயே தெரியும்.

கெடுவது எழுத்தில். "அவளுக்கு அக்கறையில்லை" என்று எழுதத் தொடங்கினால் ஆட்டம் பழைய ஏச்சாக மாறிவிடும். குணம் சொல்லும் சொல்லே கூடாது. கண்டதும் செய்ததும் மட்டும், சீட்டுக்கு இரண்டு வரி, மொத்தம் 20 சீட்டு. ஏடிஎச்டி உள்ளவரே ஆடினால் எழுதுவதே சுமை; குரல் பதிவு போதும்.

புளியங்கொட்டை. நாளுக்கு 12 கொட்டை, வேலைக்கு ஒன்று. லூபஸ் நோயாளி ஒருவர் 2003இல் எழுதிய, ஒரு நாளின் தெம்பைக் கரண்டிகளாக எண்ணும் கரண்டிக் கணக்கின் உறவு இது. பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளை ஏன் உடைந்து போகிறாள் என்பது புரியும். ஆனால் இது களைப்பின் கணக்கு, கவனத்தின் கணக்கல்ல.

ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் 54 மரக்கட்டைக் கோபுரத்தையும் (ஜெங்கா) சிலர் பாவிக்கிறார்கள். பதற்றம் கிடைக்கும், கூடவே சீலிங் ஃபேன் காற்றும். ஒரு பிழையோடு எல்லாம் சரியும் என்ற தவறான பாடமும் வரும். நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

பெற்றோருக்குத் தாயக்கட்டை, ஆசிரியருக்குச் சீட்டு. எதுவானாலும் உண்மையான பிள்ளையின் பெயரை வைக்க வேண்டாம், வகுப்பின் முன் ஆட வேண்டாம். ஆடிவிட்டு யாருக்கும் ஏடிஎச்டி என்று முத்திரை குத்தவும் வேண்டாம்: 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, பாடசாலை என இரண்டு இடத்திலாவது தெரிகின்றனவா என்றெல்லாம் வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டியது அது.

இரண்டாம் தடவை ஆடும்போது ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். அம்மா பக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால் இரண்டு கட்டை உருட்டிப் பெரியதை எடுக்கலாம்: சலிப்பான வேலைக்கு 9 நிமிடம், ஏழுக்கும் 63. மணி 6.48, பஸ்ஸுக்கு இன்னும் 12 நிமிடம் இருக்கிறது. சீட்டில் என்றால், கதவில் ஒட்டிய பட்டியல் ஒருபோதும் கவிழாத நாலாவது துண்டு.