மோர்ஸின் கடைசி வழக்கு

1987இல் தொடங்கிய ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ பிரிட்டிஷ் துப்பறியும் தொடரின் 33ஆவதும் இறுதியுமான அத்தியாயம், 2000 நவம்பர் 15 அன்று ஒளிபரப்பான ‘தி ரிமோர்ஸ்ஃபுல் டே’. செவிலியர் ஒருவர் கொலையுண்ட பழைய வழக்கு மீண்டும் கிளறப்படுவதுதான் கதை. முடிச்சுகள் சற்றே அதிகம். அவிழ்க்கும் இடத்தில் அவசரமும் தெரிகிறது. ஆனால் கொலையாளி யார் என்பதற்காக இதை எவரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

உடல் தளர்வதை ஒப்புக்கொள்ளாமல், பீரையும் இசையையும் விடாமல், ஓய்வு நெருங்குவதை எரிச்சலோடு எதிர்கொள்ளும் மோர்ஸாக நடித்த ஜான் தா, பார்வையாளரின் இரக்கத்தை ஓரிடத்திலும் யாசிக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிட்டர் கல்லூரி முற்றத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இரங்கல் இசை மிதந்து வர, அவர் புல்தரையில் சரிந்து விழும் காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. பின்னர் மருத்துவமனைப் படுக்கையில், தன் உதவி அதிகாரி லூயிஸுக்குத் தன் நன்றியைச் சொல்லும்படி மேலதிகாரி ஸ்ட்ரேஞ்சிடம் கேட்டுக்கொள்கிறார். இத்தனை ஆண்டுகள் சிடுசிடுத்து, மதுவிடுதிச் செலவையும் பெரும்பாலும் லூயிஸின் தலையிலேயே கட்டிய மனிதர் (ரசிகர்களுக்கு இது பழகிய வேடிக்கை), அந்த ஒரு சொல்லை நேரில் சொல்ல வாய்க்காமலே போகிறார். அப்போது லூயிஸ் அங்கே இல்லை.

பிணவறையில் மோர்ஸின் நெற்றியில் முத்தமிட்டு விடைபெறும் லூயிஸாக கெவின் வேட்லி காட்டும் அடக்கம், உரத்த அழுகையைவிடக் கனமானது. இரண்டாம் முறை பார்த்தபோது, அந்தக் காட்சிக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டேன்.