பிஎம் கிசான் பணத்துக்கு ரேகை வைக்கப் போகிறீர்களா? எங்கள் அம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள்

அம்மாவுக்குக் கள்ளக்குறிச்சி பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மக்காச்சோளம்தான் போடுவார். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வரும் 2,000 ரூபாய், உரத்துக்கும் களைக்கூலிக்கும் ஆகும். திடீரென்று அது நின்றுவிட்டது.

நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா போனில் சொன்னபோது, "இ-கேஒய்சி முடிக்காம இருக்கும், பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல போய் முடிச்சிருங்கம்மா" என்று சொன்னேன். ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பதுதான் இ-கேஒய்சி. நான் சொன்னதை நம்பித்தான் போனார்.

கடைக்காரர் 300 ரூபாய் கேட்டிருக்கிறார். பொதுச் சேவை மையத்தில் இதற்கு அரசு வைத்த கட்டணம் 15 ரூபாய். அம்மா தயங்கியதும், "பண்ணலன்னா இதுவரை வாங்குனதத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்" என்று மிரட்டியிருக்கிறார். எங்கள் பக்கம் இந்தப் பேச்சுக்கு யாரும் பயப்படுவார்கள். 2020-ல் இதே திட்டத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போனதே, அதில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பெயரெல்லாம் பலமாக அடிபட்டது. சிபிசிஐடி வந்தது, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். சொந்தப் பட்டா வைத்திருக்கும் அம்மாவுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் விஷயமே. "ரேகை விழலம்மா, இன்னொரு தடவ வைங்க" என்று நான்கைந்து முறை விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் களைக்கொத்து பிடித்துத் தேய்ந்த விரல். ரேஷன் கடையிலும் லேசில் பதியாது, அதனால் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அதில் ஒரு ரேகைதான் இ-கேஒய்சிக்கு. மற்றதை வைத்து அம்மா பெயரிலேயே ஒரு பேமென்ட் வங்கியில் புதுக் கணக்குத் திறந்து, ஆதாரையும் அதில் இணைத்துவிட்டார்.

இது பலருக்குத் தெரியாது: இந்தப் பணம் பாஸ்புக் நம்பரைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கே போய்விடும். இரண்டு தவணை, 4,000 ரூபாய் அந்தப் புதுக் கணக்குக்குப் போயிருக்கிறது. "அப்டேட் பண்ணணும், வந்துட்டுப் போங்கம்மா" என்று கடைக்காரரே இரண்டு தடவை கூப்பிட்டு, அம்மா விரலை வைத்தே பணத்தை எடுத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்தேன். "பணம் போயிருக்கே, வங்கிதான் வேற" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். பழைய வங்கியில் ஆதார் இணைப்புக்கு மறுபடி மனு கொடுத்தோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த தவணை சரியாக வந்தது. போன 4,000 இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் பணம் நின்றிருந்தால் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பிஎம் கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டாலே நிலப் பதிவு, இ-கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு மூன்றில் எது நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆதாரில் போன் நம்பர் இருந்தால் ஓடிபி மூலம் இலவசமாக முடிக்கலாம். இல்லையென்றாலும் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், ரேகையே வேண்டாம். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பாருங்கள். ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் என்று ஏபிகே ஃபைல் (போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். அது ஓடிபியைத் திருடுகிற வேலை. அப்படிப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

போன வாரம் ரேஷன் கடையில் "இன்னொரு தடவ வைங்கம்மா" என்றதற்கு, மெஷினைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அம்மா விரலை வைத்தாராம்.