டூயல் பூட்டில் தேவையில்லாத ஓஎஸ்ஸை எடுப்பது: பல வருட அனுபவம்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று லினக்ஸ் ஓஎஸ்களை மாறி மாறிப் போட்டு எடுத்து, அதாவது டூயல் பூட் செய்து, பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். போடுவதற்கு வழிகாட்டிகள் ஏராளம். எடுப்பது என்று வந்தால் மட்டும் "பார்ட்டிஷனை டெலீட் பண்ணிடுங்க" என்று, அதாவது டிஸ்கில் அந்த ஓஎஸ் இருக்கும் பகுதியை அழிக்கச் சொல்லி, ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான்.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த மதர்போர்டு மென்பொருள்) கணினிகளில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் பூட்லோடர் இரண்டு இடத்தில் இருக்கும். முதல் துண்டு எல்லா ஓஎஸ்ஸின் பூட் ஃபைல்களும் இருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனில், மெனுவும் மிச்சமும் லினக்ஸ் பார்ட்டிஷனில். லினக்ஸை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், மதர்போர்டு நினைவில் இருக்கும் பழைய என்ட்ரி அந்த முதல் துண்டைக் கூப்பிடும், அது மெனுவைத் தேடிக் கிடைக்காமல் கறுப்புத் திரையில் வெறும் 'கிரப்' என்று போட்டு நின்றுவிடும். விண்டோஸே போய்விட்டது என்று பலர் பதறுவது இங்கேதான். எதுவும் போகவில்லை, பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய், எது முதலில் திறக்க வேண்டும் என்ற பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் போதும்.

அதனால் நான் எப்போதும் பூட் வரிசையில்தான் தொடங்குவேன். விண்டோஸை முதலில் வைத்து, அது நேராகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிஸ்கில் கை வைப்பேன். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கும் முன்னால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு எங்காவது எழுதி வையுங்கள், பூட் அமைப்பை மாற்றினால் அதைக் கேட்க வாய்ப்புண்டு. அப்புறம் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களையும் ஸ்வாப்பையும் (ரேம் நிரம்பினால் லினக்ஸ் பயன்படுத்தும் பார்ட்டிஷன்) நீக்கலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து உள்ளே போய் உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழிக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைத் தொடவே கூடாது. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங்ஸ் கருவியில் டெலீட் கொடுத்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அது விண்டோஸின் பூட் மெனுவில் ஒரு வரியை எடுக்கும், அவ்வளவுதான். ஒரு எம்பி இடம்கூடத் திரும்பாது.

இடத்தை சி டிரைவோடு சேர்ப்பதுதான் உண்மையான தலைவலி. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவைப் பெரிதாக்கும் எக்ஸ்டென்ட் வால்யூம் என்பது சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருந்தால் மட்டும்தான் வேலை செய்யும். லினக்ஸ் போட்ட பிறகு பெரிய விண்டோஸ் அப்டேட் ஏதாவது வந்து, சி-யின் வாலைக் கொஞ்சம் வெட்டிப் விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் புது ரெக்கவரி பார்ட்டிஷனைச் செருகியிருக்கலாம். அப்படியானால் அது நடுவில் நிற்கும், எக்ஸ்டென்ட் மங்கலாகவே இருக்கும். அதை நகர்த்த என் தேர்வு ஜிபார்ட்டட் லைவ் யூஎஸ்பி, அதாவது யூஎஸ்பியிலிருந்தே திறக்கும் பார்ட்டிஷன் கருவி. இலவசம், இத்தனை வருடமும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் டேட்டாவை பேக்கப் எடுக்காமல் பார்ட்டிஷனை நகர்த்தாதீர்கள். முதலில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (சீக்கிரம் திறக்க முழுதாக அணையாமல் விடும் வசதி) நிறுத்தி முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், இல்லாவிட்டால் சி டிரைவ் பாதித் தூக்கத்தில் இருப்பதாகச் சொல்லி ஜிபார்ட்டட் மறுத்துவிடும். நகர்த்தும் முன் விண்டோஸில் ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் ரெக்கவரியை முடக்கி, முடிந்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள்.

பழைய விண்டோஸ் மட்டும்தான் பாரம் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அப்கிரேடுக்குப் பிறகு கிடக்கும் பழைய விண்டோஸின் ஃபோல்டரான விண்டோஸ்.ஓல்ட் பெரும்பாலும் 10 நாளில் தானே போய்விடும். அவசரம் என்றால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்ஸ் பகுதியில் டிக் செய்து எடுங்கள். ஃபோல்டரை நேரடியாக அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று பாதியில் தடுக்கும்.