எம்340ஐ-க்கு ரீமேப்: பெட்டியா, ரெடிமேடா, அளவெடுத்துத் தைத்ததா?

போன வருஷம் ஒரே மதியத்தில் மூன்று பேருக்கு போன் போட்டேன். என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ எம்340ஐ. இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றிப் பவரைக் கூட்டுவதுதான் ரீமேப்; பாகம் எதையும் மாற்றாத முதல் படிக்கு ஸ்டேஜ் 1 என்று பெயர். மூவரிடமும் கேட்டது ஒன்றுதான்: “2021 எம்340ஐ, ஸ்டேஜ் 1 பண்ணணும். என்ன கிடைக்கும்?”

முதல் ஆள் யோசிக்கவே இல்லை. “460 எச்பி கியாரண்டி சார். காலைல விடுங்க, சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க.” இரண்டாவது ஆள் விலையில் ஆரம்பித்து விலையிலேயே முடித்தார். மூன்றாவது ஆள் பெங்களூரு. பதில் சொல்லாமல் திருப்பி என்னைக் கேட்டார். “எந்த பங்க்ல என்ன பெட்ரோல் போடுறீங்க? மே மாசம் மத்தியானத்துல வண்டிய எடுப்பீங்களா? வண்டி எந்த மாசம் தயாரானது?”

இந்த மூன்றும் தெரியாமல் ஒருவர் 460 என்று சொன்னால், அந்த எண் என் வண்டியைப் பற்றியதாக இருக்க வழியில்லை. இது உறைக்க எனக்கு ஒரு தப்பான செலவு தேவைப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வண்டி. எம்340ஐ இங்கே வந்தது 2021 மார்ச்சில். மறைமலைநகர் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் அசெம்பிள் ஆகும் வண்டி. அந்த வகையில் நம்ம ஊர்ப் பிள்ளைதான். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், ஒற்றை டர்போ. வந்தபோது 387 எச்பி, 500 என்எம், நூறைத் தொட 4.4 விநாடி. 2022 கடைசியில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில் 374 எச்பி ஆனது. இன்ஜின் பெயர் பி58. 2015-லிருந்து இருக்கிறது. சிலிண்டர் பிளாக் கெட்டி, டர்போவில் கம்பெனி விட்டுவைத்த இடம் நிறைய. கம்ப்யூட்டர் ஃபைல் மட்டும் மாற்றி 400-ஐத் தாண்டும் வண்டிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. ஆக, பவர் வருமா என்பது கேள்வியே இல்லை. நம்ம பெட்ரோலிலும் நம்ம வெயிலிலும் அது நிற்குமா என்பதுதான் கேள்வி.

டியூனிங் பேச்சை எடுப்பதற்கு முன் ஒரு பூட்டு குறுக்கே நிற்கிறது. 2020 ஜூனுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரை, அதாவது டிஎம்இ-யை, வெளியாள் எழுத முடியாதபடி பிஎம்டபிள்யூ பூட்டிவிட்டது. இந்தியாவில் விற்ற எம்340ஐ எல்லாமே அதற்குப் பின் வந்தவை. அந்தப் பூட்டை முதலில் திறந்து பேர் வாங்கியது பின்லாந்தில் இருக்கும் ஃபெம்டோ. டிஎம்இ-யைக் கழற்றி, பார்சல் கட்டி அங்கே அனுப்பி, திரும்பி வரும்வரை வண்டிக்குக் கவர் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. கஸ்டம்ஸில் மாட்டினால் அது வேறு கதை. இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் எந்த வழி ஒத்துவரும் என்பது தயாரிப்புத் தேதியையும் சாஃப்ட்வேர் பதிப்பையும் பொறுத்தது. “காலைல விடுங்க, சாயங்காலம் எடுங்க” என்றவரிடம், “டிஎம்இ பூட்டியிருக்குமே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்.” செகண்ட் ஹேண்டில் எம்340ஐ வாங்குகிறவர்கள், இது ஏற்கெனவே திறந்த டிஎம்இ-யா என்று கேட்டு வைப்பது நல்லது. திறந்திருந்தால் செலவு மிச்சம். ஆனால் எதற்குத் திறந்தார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இனி கடைக்குப் போவோம். சட்டை வாங்குவதைப் போலத்தான் இதுவும்.

பெட்டி என்பது சட்டையே மாற்றாமல் காலரை மட்டும் தூக்கிவிட்டுக்கொள்வது. ஜேபி4, ரேஸ்சிப் எல்லாம் இந்த ரகம். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் பிரஷரை, அளக்கும் சென்சாருக்கும் டிஎம்இ-க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற பிரஷரைக் குறைத்துச் சொல்லும். “பிரஷர் பத்தலையே” என்று டிஎம்இ நம்பி டர்போவை இன்னும் முடுக்கும். வேலை செய்கிறதா என்றால் செய்கிறது. பூட்டு திறக்க வேண்டாம், அரை மணியில் மாட்டலாம், அரை மணியில் கழற்றலாம். ஜேபி4 மற்ற பெட்டிகளைவிடக் கொஞ்சம் விவரமானது. ஓபிடி என்ற சோதனை சாக்கெட் வழியாக இன்ஜின் தகவல்களைப் படிக்கும், போனில் லாக் (வண்டி ஓடும்போது இன்ஜின் தரும் எண்களின் பதிவு) எடுக்கலாம், மேப் 1, மேப் 2 என்று படிப்படியாக ஏற்றலாம்.

குறை என்னவென்றால், பொய் சொல்வது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. ஸ்பார்க் எப்போது விழ வேண்டும், கேம் எப்படித் திரும்ப வேண்டும், டார்க் வரம்பு என்ன என்பதையெல்லாம் அது தொட முடியாது. நாக் வந்தால், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடித்தால், டிஎம்இ தன் பாட்டுக்கு இக்னிஷனை, ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்து இன்ஜினைக் காப்பாற்றும். பாதுகாப்பு என்ற அளவில் அது நல்லது. ஆனால் பெட்டி ஏற்றியதை டிஎம்இ இறக்கிவிடுவதால், மே மாதம் ஓஎம்ஆரில் கொடுத்த காசில் பாதிதான் காலுக்கடியில் தெரியும். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், ஜேபி4 மேப் 1-உடன் நிறுத்திக்கொள்ளலாம். கழற்றிவிட்டு சர்வீஸுக்குப் போனால் கண்டுபிடிக்கவே மாட்டார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது ரெடிமேட். பூட்மாட்3, எம்எச்டி இரண்டும் இதில் பெரிய பெயர்கள். டிஎம்இ திறந்துவிட்டால் லைசென்ஸ் வாங்கி, ஆப்பில் மேப்பை, அதாவது தயாராக இருக்கும் ஃபைலை, தேர்ந்து, வண்டியில் உட்கார்ந்தபடியே நாமே எழுதலாம். பழைய ஸ்டாக் ஃபைலுக்கும் அதேபோலத் திரும்பலாம். இங்கே பொய் கிடையாது. லோடு, டைமிங், டார்க் வரம்பு எல்லாம் டிஎம்இ-க்குள்ளேயே மாறும். ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஓடிப் பழகிய ஃபைல்கள். ஃபைல் எழுதியவர் மீது எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் அதைத் தேர்ந்தெடுக்கும் நம்ம மேல்தான்.

காரணம், மேப்பின் மேல் ஒட்டியிருக்கும் எண். “91”, “93” என்று போட்டிருக்கும். நம்ம பங்க்கில் சாதாரண பெட்ரோலை வருஷக்கணக்கில் 91 ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் அளவு) என்று கேட்டுப் பழகியவர்கள், “அப்ப 91 மேப் போட்டுக்கலாம்” என்று கையை வைப்பார்கள். நானும் வைக்கப் போனேன். அது அமெரிக்க எண். அங்கே பம்ப்பில் எழுதுவது இரண்டு வித ஆக்டேன் அளவுகளின் சராசரி. இங்கே எழுதுவது அந்த இரண்டில் ஒன்றான ஆர்ஓஎன் மட்டும். அமெரிக்காவின் 91 நம்ம கணக்கில் 95, 96 வரும். அவர்களின் 93 என்பது நம்ம 98. நம்ம 91 அங்கே 87, அதாவது இருப்பதிலேயே மலிவான பெட்ரோல். ஆக, “91” மேப்புக்கு இங்கே குறைந்தது இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 வேண்டும். “93” மேப்புக்கு 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த எக்ஸ்பி100 மாதிரி ஒன்று வேண்டும். அது எல்லா பங்க்கிலும் கிடைக்காது. சென்னையில் டேங்க் நிரப்பிக்கொண்டு திருநெல்வேலி போகிறவர், திரும்பி வர எதை ஊற்றுவார் என்பதையும் மேப் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

அதற்கு மேல் எத்தனால். நாட்டில் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20. எத்தனால் கலந்தால் நாக் எளிதில் வராது, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும். டியூனிங் ஆளுக்கு அது லாபம்தான். ஆனால் அதில் சக்தி பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதக் கலப்பில் அதே வேலைக்கு ஆறேழு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஃபுல் த்ராட்டிலில் ஹை பிரஷர் பம்ப் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பதை லாக் எடுத்தால்தான் பார்க்க முடியும். ரெடிமேட் ஃபைல் எழுதியவர் நம்ம பங்க்கை மனதில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை.

இப்போது அளவெடுத்துத் தைப்பது. கஸ்டம் ட்யூன். இதில் இரண்டு வழி: உள்ளூர்க் கடையில் டைனோ (சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி) மேல் ஏற்றிச் செய்வது, அல்லது எங்கேயோ இருக்கும் ஒரு டியூனருக்கு லாக் அனுப்பி மெயிலில் ஃபைல் வாங்குவது.

உள்ளூர்க் கடையில் வண்டியைத் தொட்டுப் பார்க்கிற ஆள் இருக்கிறார். பிளக் மாற்ற வேண்டுமா, சார்ஜ் பைப் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். அது பெரிய வசதி. ஆனால் டைனோ சீட்டை மட்டும் கும்பிடாதீர்கள். டைனோஜெட் கம்பெனியின் டைனோ ஒரு எண் காட்டும், அதே வண்டி மஸ்டாங் டைனோவில் பொதுவாக அதைவிடக் குறைவாகக் காட்டும். அறை எத்தனை டிகிரி, வெப்பம், காற்றழுத்தத்துக்காக எண்ணைத் திருத்தும் கரெக்ஷன் ஃபேக்டர் எது, சக்கரத்தில் அளந்ததா அல்லது இன்ஜினின் கிராங்க்குக்குக் கணக்குப் போட்டதா என்று எழுதாத சீட்டு, தேதி போடாத ஜாதகம் மாதிரி. எம்340ஐ வேறு எக்ஸ்டிரைவ், நாலு சக்கரத்துக்கும் பவர் போகும் வண்டி. நாலு சக்கரமும் ஏறும் டைனோ வேண்டும். முன்னால் நிற்கும் ஃபேன் நிஜமான காற்றோட்டத்துக்கு ஈடாகாது. பி58-இல் டர்போ காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒருமுறை சூடாகிவிட்டால் ஆற நேரம் பிடிக்கும். நாலாவது ரன் முதல் ரன்னைவிடக் குறைவாகத்தான் வரும். எந்த ரன்னை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் சொன்ன தப்பான செலவு இந்த வகைதான். ஒரு கடையில் “கஸ்டம்” என்று பணம் கட்டி ஃபைல் வாங்கினேன். நண்பர் ஒருவரும் அங்கேயே செய்தார். அவருக்கும் 2021 வண்டி, அதே சாஃப்ட்வேர் பதிப்பு. அவர் எப்போதும் எக்ஸ்பி100, நான் எக்ஸ்பி95. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஃபைலையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். ஒரு பைட் வித்தியாசமில்லை. ஃபைல் பெயரில் மட்டும் அவர் பேருக்குப் பதில் என் பேர். ரெடிமேட் சட்டையின் லேபிளைப் பிரித்துவிட்டு டெய்லர் லேபிள் தைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “ரெண்டு வண்டியும் ஒண்ணுதானே சார்?” என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்ட அந்த பெங்களூருக்காரரிடம் போனேன். அவர் கேட்டது லாக் மட்டும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், 3.7 கிலோமீட்டர் சுற்றில், நீளமான நேர்பாதையில் மூன்றாவது கியரில் 2500-லிருந்து 6500 வரை ஒரே மிதி. ரோட்டில் இதைச் செய்யக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை, எனக்கும் அதுதான் சரி. பழைய ஃபைலோடு எடுத்த முதல் லாக்கைத் திறந்தபோது, 5200 ஆர்பிஎம் வரிசையில் ஆறு சிலிண்டரிலும் ஸ்பார்க்கை எத்தனை டிகிரி பின்னுக்கு இழுத்தது என்று காட்டும் இக்னிஷன் கரெக்ஷன் கட்டங்களில் மூன்றாவதில் மைனஸ் 4.5 என்று நின்றது, பக்கத்தில் ஐந்தாவதில் மைனஸ் 3. உள்ளே போகும் காற்றின் சூடு 61 டிகிரி. நாக் வருவதைக் கண்டு டிஎம்இ தொடர்ந்து பின்வாங்கியபடி ஓடியிருக்கிறது. சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வண்டி பறப்பதாகத்தான் தோன்றியது.

நாலு ஃபைல் மாறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக், ஒரு மெயில், இரண்டு மூன்று நாள் காத்திருப்பு. நடுவில் பூஸ்டைக் குறைத்தார். காசு கொடுத்துப் பூஸ்டைக் குறைக்கச் சொல்வதா என்று அப்பா கேட்டார். அந்தக் காத்திருப்பும், கையால் வண்டியைத் தொடும் ஆள் இல்லாததும்தான் இந்த வழியின் குறை. கழன்ற ஒரு கிளிப்பை மெயிலில் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸில் சொல்லாமல் விட்டால், க்ளெய்ம் நேரத்தில் அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஸ்டேஜ் 2 என்று, டர்போவுக்குப் பின் வரும் புகைக்குழாயான டவுன்பைப்பில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடுவதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. புகைச் சான்றிதழுக்கு ஒரு வேஷம், ரோட்டுக்கு ஒரு வேஷம் என்று எத்தனை நாள் ஓட்டுவது?

வாரண்டியில் இருப்பவர் பொறுமையாக இருக்கலாம், இல்லையென்றால் பெட்டி. வாரண்டி முடிந்து, எக்ஸ்பி100 கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, லாக் படிக்கக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு ரெடிமேட் தாராளம். லேபிள் மாற்றிய “கஸ்டம்” ஃபைலைவிட அது பல மடங்கு மேல், விலையும் குறைவு. எக்ஸ்பி95-இல், வருஷம் முழுக்க, மதிய வெயிலிலும் ஓட்டுகிறவருக்கு லாக் கேட்கிற டியூனர்தான் என் தேர்வு. அவர் உள்ளூரில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

என் வண்டி இப்போது என்ன எச்பி என்று கேட்காதவர் இல்லை. அளக்கவில்லை. கடைசி லாக்கில் ஆறு கட்டத்தில் ஐந்து பூஜ்யம், ஒன்றில் மைனஸ் 0.8. எடுத்தது ஜனவரியில். பெங்களூருக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரே வரி அனுப்பினார்: “நல்லா இருக்கு. கத்திரி வெயில்ல இன்னொண்ணு எடுத்து அனுப்புங்க, அப்பதான் முடிஞ்சதுன்னு சொல்வேன்.”